என் காதுக்கு யார் மதிப்பெண் போடுவது?

முதலில் நான் சந்தேகப்பட்டது கூடத்து டியூப்லைட்டை. சோக் போகப்போகிற டியூப்லைட் மெல்லிசாக ‘ஈ’ என்று ஒரு சத்தம் போடுமே, அதே சத்தம். என் கணவரிடம் சொன்னேன். சோக்கை மாற்றினார். சத்தம் போகவில்லை. டியூப்லைட்டையே கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினார். அப்போதும் போகவில்லை. ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிப் போட்டோம். பால் திரிந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லி, அவர்களை அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா இன்றைக்கும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

பிறகு ஒரு மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, டிவி நின்றது, வயல் பக்கத்து மோட்டார்கள் எல்லாம் நின்றன. ‘ஈ’ மட்டும் நிற்கவில்லை. முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. இடது காதை உள்ளங்கையால் பொத்தினேன். இன்னும் சத்தமாகக் கேட்டது. சத்தம் வீட்டில் இல்லை, எனக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயந்துவிட்டேன். அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் பெயர் மலர்க்கொடி. திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுக்கிறேன். கணவர் விவசாயம்; கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். காது இரைச்சல் உள்ளவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், யாரும் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்பதையும் நான் பார்த்துவிட்டேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்று என்றார் நாத்தனார். ரத்தக்கொதிப்பாக இருக்கும் என்றார் தலைமை ஆசிரியை. நாகூரைப் பிறந்த ஊராகக் கொண்ட எங்கள் பள்ளி சத்துணவு அமைப்பாளர், தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். அன்போடு கொடுத்ததை மறுக்க முடியாமல் குடித்தேன். எண்ணெய், தண்ணீர், கஷாயம் எல்லாம் உள்ளே போயின. ‘ஈ’ அதன்பாட்டுக்கு இருந்தது.

இதோடு காலம் தள்ளியிருப்பேன். யாழினி விஷயம் நடந்திருக்காவிட்டால்.

யாழினி ஒன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தாலும் பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும்தான் கேட்கும், அவ்வளவு மெதுவாகப் பேசும் குழந்தை. ஒரு நாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து என் இடது பக்கம் நின்று, “டீச்சர், ஒண்ணுக்கு” என்று கேட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. வேண்டாம் என்கிறார் டீச்சர் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது மட்டும் எனக்கு நன்றாகவே கேட்டது. திரும்பிப் பார்த்தால், பாவாடை நனைந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தக் குழந்தை.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மெதுவாகப் பேசும் பிள்ளைகளின் குரல் கேட்காத ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்பில் என்ன செய்கிறாள்? காது சரியாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். இரண்டில் ஒன்று என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இதை எழுதுவதும் அதனால்தான். எனக்கு நோயைவிட இந்த முடிவுதான் பெரிய பயம்.

கும்பகோணத்தில் ஒரு இ.என்.டி. டாக்டரைப் பார்த்தோம். அழுக்கு எடுத்தார். சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். அதாவது கேட்கும் திறனுக்கு ஒரு பரீட்சை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனில் மெதுமெதுவாகச் சத்தம் விடுவார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச் சத்தம் துளியும் நுழையாத அறை. என்னைப் போன்றவர்களுக்கு அதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. அந்த அறைக்குள் ‘ஈ’ ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. வந்தது அவர்கள் விட்ட சத்தமா, என் சத்தமா என்று தெரியாமல் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் வலித்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்கள், மூளையில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று பார்க்க. எல்லோரும் அந்தக் குழாய்க்குள் போகப் பயப்படுவார்கள். கடமுடா என்று இடி இடிக்கிற மாதிரி சத்தம் போடும் மெஷின் அது. எனக்கோ அதற்குள் படுத்திருந்த நேரம் சொர்க்கம். அந்தச் சத்தத்தில் என் ‘ஈ’ காணாமல் போயிருந்தது. வெளியே வந்து, “இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கலாமே” என்றேன். டெக்னீஷியன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஸ்கேனுக்கான பில்லை என் கணவர் என்னிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கேட்டால், “அதெல்லாம் ஒனக்கெதுக்கு? நீ டீயக் குடி” என்றார்.

கட்டி இல்லை. அதுவரை நல்லது. காரணமும் இல்லை. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் சில செத்துப்போயிருக்கும், அங்கிருந்து செய்தி வராததால் மூளை தானாக வால்யூமைக் கூட்டி வைத்துக்கொள்கிறது, அந்தக் கூட்டிய வால்யூமின் இரைச்சல்தான் இது, டின்னிடஸ் என்று பெயர், என்று டாக்டர் விளக்கினார். விளக்கம் நன்றாக இருந்தது. மருந்து என்ன என்றேன்.

“மருந்துன்னு ஒண்ணும் இல்லம்மா. பழகிக்குங்க.”

பழகிக்கொள்ள வேண்டியது நானாம். வந்து உட்கார்ந்தது அது, வாடகை கொடுக்காமல் இருப்பது அது, பழகிக்கொள்ள வேண்டியது மட்டும் நான். இந்த ‘பழகிக்குங்க’ என்ற சொல்லை இன்னும் எத்தனையோ வாயால் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அதே டாக்டர்தான், என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை நடப்பதாகச் சொன்னார். கத்தி இல்லை, ஊசி இல்லை. காதோரத்து நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கிறார்கள். “பலிக்கும்னு யாரும் சொல்லல. சோதனைதான். போறீங்களா?” என்றார். போகிறேன் என்று அவர் முடிப்பதற்கு முன்னால் சொன்னேன்.

தஞ்சாவூரில் அந்தச் சோதனையை நடத்தியவர் டாக்டர் ஷீலா. என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவர். பொறுமையாகப் பேசினார். வேகஸ் என்று ஒரு நரம்பு இருக்கிறதாம். மூளையிலிருந்து கிளம்பி இதயம், வயிறு என்று ஊர்வலம் போகிற நரம்பு. அதன் ஒரு சின்னக் கிளை மட்டும் காதுக்கு வெளியே, துளைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறு மடல் பக்கம் வருகிறது. அங்கே ஒரு கிளிப்பை மாட்டி மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்துக்கொண்டே, ஹெட்ஃபோனில் சில ஒலிகளைக் கேட்கவைப்பார்கள். நரம்பு தூண்டப்படும்போது மூளை புதிதாகக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்பது எண்ணம். கூட்டி வைத்த வால்யூமை அது குறைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டால் இரைச்சல் குறையலாம்.

“தோப்புக்கரணம் போடுற மாதிரி காதுலயே வேலையா?” என்றார் என் கணவர். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து அறுவடை மெஷின்காரர் அவருக்கு ஃபோன் பண்ணினார். பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். டாக்டர் முக்கியமான விஷயத்தைச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மின்சாரம் வரும். பாதிப் பேருக்குப் போலி. போலியிலும் தொடக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிறகு நின்றுவிடும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஏமாற்றிவிடும் என்பதற்காக அப்படி. முதல் கட்டம் முடிந்ததும், இரைச்சல் குறைந்தவர்களுக்கு அதே கிளிப் தொடரும். குறையாதவர்களுக்கு மாற்றி வைப்பார்கள். போலி இருந்தவர்களுக்கு அப்போது உண்மையானது கிடைக்கும்.

“அதனால நீங்க சொல்ற நம்பர்தான் எல்லாமேம்மா. இந்தச் சத்தத்த எந்த மெஷினாலயும் அளக்க முடியாது. உங்களுக்கு மட்டும்தான் கேக்குது. பத்துக்கு எவ்வளவு, சொல்லுங்க.”

“ஒன்பது” என்றேன். கணினியில் பதிந்துகொண்டார்.

அவருக்கு உதவியாக நிவேதா என்று ஒரு பெண் இருந்தாள். படிப்பு முடித்து முதல் வேலை போல. வாரம் ஒரு முறை ஃபோனில் கூப்பிட்டு மதிப்பெண் கேட்பது அவள் பொறுப்பு. “ஃபோன் நம்பர் சொல்லுங்கம்மா” என்றாள். நான் ஒரு நம்பரைச் சொன்னேன். கேஸ், ரேஷன், பேங்க், பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு நம்பர் என்று கேட்டால் வாயில் வருவது என் கணவருடைய நம்பர்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. என் கைப்பையிலேயே என் ஃபோன் இருந்தது. அதன் நம்பரைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னதுகூட நினைவில் தங்கவில்லை.

அந்த நரம்பு இதயத்துக்கும் போவதால், முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து நாடித் துடிப்பைக் கவனித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ராஜாத்தி அக்கா. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். அவருக்கு இரண்டு காதிலும் சத்தம், கொப்பரை ஆட்டுகிற செக்கு மாதிரி. காலையும் மாலையும் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கிளிப்பை மாட்டுவார்கள். ஹெட்ஃபோனில் குருவி கத்துகிற மாதிரி, மணி அடிக்கிற மாதிரி, ஏதேதோ வரும். ராஜாத்தி அக்கா கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவார். நான் எறும்பு ஊர்வது நிற்கிறதா என்று கவனித்தபடியே இருப்பேன். சில வேளை நிற்கிற மாதிரி இருக்கும், சில வேளை ஊர்கிற மாதிரி இருக்கும். போலிதான் எனக்கு வந்திருக்கிறது என்று ஒரு நாள் அழுகை வரும். மறுநாள் இல்லை இல்லை, உண்மைதான் என்று தோன்றும். அந்த ஊசலாட்டத்தில் இரைச்சலைவிட அதிகமாக நான் களைத்துப்போனேன்.

என் கணவர் தினமும் காலையில் பஸ் ஏறி வந்துவிடுவார். அறுவடைக்காலம், வயலில் ஆள் நிற்க வேண்டிய நேரம். இருந்தாலும் வருவார். தூக்கு நிறைய ரசம், தனியாகச் சுட்ட அப்பளம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு எனக்குப் பிடிக்காது என்று. வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“பரவால்லங்க.”

வேறென்ன சொல்வது? எட்டரை, ஒன்பது என்று அவரிடம் சொன்னால் சோறு இறங்குமா அவருக்கு? பேச்சை முடிப்பதற்கு நம்மிடம் இருக்கிற சொல் அது. அவரும் தலையாட்டிவிட்டு நெல்லைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

பிறகு கிளிப்பும் சின்னப் பெட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் தவறவில்லை. பள்ளிக்கூடத்தில் ஃபோன் எடுக்கக் கூடாது என்பது விதி. அதை மீறி, வருகைப் பதிவேட்டுக்கு அடியில் ஃபோனை வைத்துக்கொண்டு நிவேதாவின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். வாரம் போனது. அழைப்பு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இவ்வளவுதான் இவர்கள் ஆராய்ச்சி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கிளிப்பைக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டார்கள், பணம் வாங்காத வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் தஞ்சாவூருக்குக் கிளம்பிப் போய் யாரையாவது கேட்டுவிடுவார் என்ற பயம்.

சத்தமோ கொஞ்சமும் குறையவில்லை. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் வலது பக்கமாக வந்து பேசச் சொன்னேன். யாழினி வலது பக்கம் வந்து நின்று, பேசாமல் ஒற்றை விரலைக் காட்டுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது.

முதல் கட்டம் முடிந்து தஞ்சாவூருக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் ராஜாத்தி அக்கா இருந்தார். “எனக்கு ஒரு மண்ணும் கொறையல. வாரா வாரம் அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணுறப்பல்லாம் திட்டித் தீத்துட்டேன். இப்ப மாத்தி வெக்கிறாங்களாம்” என்றார்.

“உங்களுக்கு ஃபோன் பண்ணுனாங்களா?” என்றேன்.

“ஒனக்குப் பண்ணலயா?”

பதில் சொல்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போனால், டாக்டர் ஷீலா எழுந்து நின்றே என் கையைப் பிடித்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“ரொம்ப சந்தோஷம்மா! ஒன்பதுல இருந்து நாலு! இந்தக் குழுவுலயே உங்களுக்குத்தான் நல்ல பலன். அதே கிளிப்ப கன்டினியூ பண்ணலாம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாரு டாக்டர் நாலு சொன்னது?” என்றேன்.

“நீங்கதாம்மா. வாரா வாரம் ஃபோன்ல…” என்று நிவேதாவைப் பார்த்தார். நிவேதா என் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்தான் டாக்டர் பேசுவாங்க” என்றாள் நிவேதா, குரல் உள்ளே போய். “அம்மா ஸ்கூல்ல இருக்காங்க, நான் சொல்றேன்னு சொல்வாங்க. கேட்டுட்டுத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு, நாலு. என் காதுக்கு அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார். அதுவும் என்னவோ அறுவடை நெருங்க நெருங்கப் பயிர் பழுக்கிற மாதிரி, வாரத்துக்கு ஒன்றாக, அழகாக.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிற்கிற பயிரை வரப்பிலிருந்து பார்த்தே ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும் என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள்கூட அவரைக் கூப்பிட்டு மதிப்புப் போடச் சொல்வார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தக் கண்மதிப்பைத்தான் என்மேலும் பிரயோகித்திருக்கிறார். டாக்டர் அறையிலேயே அது வெளியே வந்தது.

“அவ மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும் டாக்டர். அந்த வாரம் டிவில பாட்டு வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தா. சிரிச்சா. அதான் ஆறு சொன்னேன். அடுத்த வாரம் கோழிக் கொழம்பு வெச்சா…”

“கோழிக் குழம்புக்கு அஞ்சா?” என்று கத்திவிட்டேன். பாட்டு வைத்தது எதற்கு? இரைச்சலை மூடுவதற்கு. அது இவருக்குத் தெரியாது. வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் நான் கத்தியது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது.

டாக்டர் ஷீலாவின் முகம் வாடிப்போனது. அவர்மேலும் எனக்குப் பாவமாக இருந்தது. அவருடைய நல்ல பலன் நான்தானே. மெதுவாகச் சொன்னார். நான் சொல்லாத எண்களை வைத்துக்கொள்ள முடியாது. என் கணக்கைச் சோதனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கும் அனுப்ப முடியாது, ஏனென்றால் கிளிப்பை மாற்றுவது அந்த எண்களைப் பொறுத்தது. எனக்கு வந்தது போலியா உண்மையா என்பதையும் இப்போது திறந்து பார்க்க முடியாது. சோதனையை மேற்பார்க்கும் கமிட்டியிடம் கேட்டுப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

“அந்த மொத ஒன்பதத் தவிர, என்னக் கேட்டு ஒரு நம்பர்கூட நீங்க இன்னும் எழுதல டாக்டர். அதுல எடுக்குறதுக்கு என்ன இருக்கு?” என்றேன். கிளிப்பையும் பெட்டியையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ் பாபநாசம் வந்திருந்தது. அவர்தான் ஆரம்பித்தார்.

“கொறையலன்னு சொன்னா மிஷினப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன் மலரு. இலவசமா குடுக்குறவன் நல்லாருக்குன்னு கேக்கத்தான ஆசப்படுவான்?”

“வெள்ளச் சேதம் பாக்க வர்றவங்ககிட்ட மட்டும் எல்லாம் போச்சு போச்சுன்னு சொல்லத் தெரியுதுல்ல?”

“அது வேற. அங்க போச்சுன்னாத்தான் குடுப்பான். இங்க வந்துச்சுன்னாத்தான் குடுப்பான்னு நெனச்சேன்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் இன்னும் தணிந்த குரலில் சொன்னார்.

“ஒன்னத் தெனம் கேட்டேன். தெனமும் பரவால்லன்னுதான சொன்ன? பரவால்லைக்கு நான் எவ்வளவு போடுறது?”

“அது உங்களுக்குச் சொன்னது. டாக்டருக்குச் சொன்னதில்ல.”

“அது எனக்கு எப்படிடி தெரியும்?”

தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நானும் அவரிடம் ஒரு நாள்கூட எண் சொன்னதில்லை என்பதும் உண்மை. கும்பகோணத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கும்வரை அவர் என் கைப்பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

அடுத்து வந்த வாரங்கள்தான் மிக மோசம். கிளிப்பும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. தலைமை ஆசிரியையிடம் போய், என்னை ஒன்றாம் வகுப்பிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். எங்கே மாற்றுவது, இருப்பதே இரண்டு ஆசிரியர்கள் என்றார். அப்படியென்றால் விருப்ப ஓய்வு என்றேன். “அவசரப்படாதீங்க மலர்” என்றார். எல்லோரும் எனக்கு அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்பை எல்லாம் சேர்த்து ஒரு மூட்டை கட்டினாலும் காதுக்குள் ஒரு நூல் அளவு சத்தம் குறையவில்லை.

கமிட்டியில் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள் என்று டாக்டர் ஷீலாவே கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் பழைய கணக்கு செல்லாது. புது ஆளாக, முதலிலிருந்து சேர வேண்டும். மறுபடியும் அந்தப் பஞ்சு அறை, மறுபடியும் நாடித் துடிப்பு, மறுபடியும் போலியா உண்மையா என்ற சீட்டுக் குலுக்கல். இன்னொரு முறை போலியே வரலாம். முதல் முறை உண்மையே வந்து பலிக்காமல் போயிருக்கவும் கூடும். அவ்வளவு வாரமும் வீண். போகாமல் இருக்கலாமா என்றுகூட யோசித்தேன். விரலைக் காட்டும் யாழினியை நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இந்த முறை நம்பர் கேட்டபோது என் ஃபோனை எடுத்து, திரையைப் பார்த்துப் படித்தேன். என் சொந்த நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

இப்போது அந்தப் புது முதல் கட்டத்தின் நடுவில்தான் இதை எழுதுகிறேன். குணமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்குக் காது இரைச்சல் இருந்தால், நரம்புத் தூண்டல் பலிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கும் இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எங்களை உட்காரவைத்திருக்கிறார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள், அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று நிவேதா கூப்பிட்டாள். தலைமை ஆசிரியையிடம் முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்ததால், ஃபோனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள் போல. பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்டாள்.

“மலர்க்கொடி அம்மா நீங்கதான் பேசுறீங்களா? பக்கத்துல வேற யாராச்சும் இருக்காங்களா? நீங்களே சொல்றீங்களாம்மா?”

“நானேதான். யாரும் இல்ல. கேளும்மா.”

“இந்த வாரம் சத்தம் பத்துக்கு எவ்வளவும்மா?”

காதை உற்றுக் கவனித்தேன். அவசரப்படவில்லை.

“ஒன்பது.”

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“போன வாரமும் ஒன்பதுதாம்மா சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்” என்றாள். குரல் இளகியிருந்தது. “பாவம்மா நீங்க. எவ்வளவு கஷ்டப்பட்டு வர்றீங்க… ஒரு எட்டரைன்னு போட்டுக்கட்டுமாம்மா?”

தாழ்வாரத்தில் நின்றபடி, வகுப்பில் பேசுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“நிவேதா. ஒன்பதுன்னு எழுது. ஒன்பதுன்னு எழுதிட்டு, என்ன எழுதியிருக்கேன்னு எனக்குப் படிச்சுக் காட்டு.”

அவள் எழுதினாள். படித்துக் காட்டினாள். “இன்னொரு தடவ” என்றேன். இன்னொரு தடவையும் படித்த பிறகுதான் ஃபோனை வைத்தேன்.